வீட்டைச் சேராத டிவி

ஹாஜா நஜ்முதீனுக்கும் அவர் மகன் ஹஸ்னைனுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஆனாலும் வாரம் தவறாமல் மகனிடமிருந்து ஒரு சேதி வந்துகொண்டுதான் இருந்தது.

வியாழக்கிழமை மாலை வேலையை முடித்துவிட்டு, டெக்சாஸில், காப்பெல் வீட்டு ஹாலில் உட்கார்ந்து டிவியைப் போடுவார். ஹஸ்னைனின் அக்கவுண்ட்டில் ஓடும் லைவ் டிவி ஆப் திறக்கும். பட்டியலில் முதல் இடத்தில் அந்தச் சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டம் தயாராக இருக்கும். எந்தச் சேனல், எத்தனை மணி, யாரோடு யார், எல்லாம் போட்டிருக்கும். தானாக வந்து உட்கார்ந்த ஆட்டம் இல்லை அது. யாரோ தேடிப்பிடித்துச் சேர்த்தது. யாரோ என்ன யாரோ, கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் இருக்கும் ஹஸ்னைன்தான்.

அவன் தனக்காகச் சேர்க்கிறானா, அத்தாவுக்காகச் சேர்க்கிறானா என்பது ஹாஜாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்றால் பேச வேண்டும். பேசமாட்டேன் என்று சொன்னவர் அவர்தான்.

அமெரிக்கர்களின் காலேஜ் ஃபுட்பால் அந்த வீட்டுக்குள் வந்ததே ஹஸ்னைனால்தான். அறந்தாங்கியில் வளர்ந்த ஹாஜாவுக்கு, கால் எப்போதாவது மட்டும் படுகிற இந்தக் கால்பந்து முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தலையில் இரும்புச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு முட்டுகிறார்கள், விழுகிறார்கள், எழுந்து நின்று மறுபடி கூடிப் பேசுகிறார்கள். எட்டாவது படித்துக்கொண்டிருந்த பையன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். “நாலு சான்ஸ் அத்தா. அதுக்குள்ள பத்து யார்டு போகணும். போயிட்டா திரும்ப நாலு சான்ஸ்.”

“அப்போ தவணை மாதிரி,” என்றார் ஹாஜா.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் புது நாலு சான்ஸுக்கு, ஃபர்ஸ்ட் டவுனுக்கு, பெயர் தவணை. பத்து கஜம் போய்விட்டால் அத்தாவும் மகனும் ஒரே குரலில் “இன்னொரு தவணை” என்பார்கள். சமையலறையில் இருக்கும் மனைவி மெஹர் நிஷாவுக்கு அதைக் கேட்டே ஆட்டம் எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் ஆட்டம் எப்போது, எங்கே என்று யாரும் தேட வேண்டியதில்லை. சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி. கூரைமேல் இருந்த ஆன்டெனாவில் இலவசமாக வரும் சேனல். அவ்வளவுதான். அக்டோபர் மாதத்தில் ஹாஃப் டைமும் பிற்பகல் அஸர் தொழுகையும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு, ஹாலில் இருக்கும் டீப்பாயை ஓரமாகத் தள்ளி, தொழுகைப் பாயை விரிப்பார்கள். ஹஸ்னைனுக்குப் பதினாறு வயது ஆனதும் ஹாஜா அவனையே முன்னால் நிற்கவைத்துத் தொழுவிக்கச் சொன்னார். மகன் இமாமாக நிற்க, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் நிற்பதில் அவருக்கு இருந்த பெருமையை யாரிடமும் சொன்னதில்லை. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்துப் பாயைச் சுருட்டும்போது ஆட்டத்தின் மூன்றாவது குவார்ட்டர் ஆரம்பமாகியிருக்கும்.

அவர்கள் பார்த்துவந்த டீம் எந்த யூனிவர்சிட்டியுடையதோ அதிலேயே ஹஸ்னைன் சேர்ந்து படித்து முடித்தான். அவன் பட்டம் வாங்கி வெளியே வந்த சமயத்தில்தான் ஆட்டத்துக்குள் பெரிய பணம் நுழைந்தது. டிவி கம்பெனிகள் ஒளிபரப்பு உரிமையைக் கோடி கோடியாகப் பேரம் பேசி வாங்கின. காசு போட்டவன் சும்மா இருப்பானா. பக்கத்து ஊர் டீமோடு நூறு வருஷமாக முட்டிக்கொண்டிருந்த டீம்கள் அந்த உறவைக் கத்தரித்துக்கொண்டு, இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறவர்களோடு ஆடப் பறந்தன. காலை பதினொன்றுக்கு ஓர் ஆட்டம், இரவு ஏழுக்கு ஓர் ஆட்டம். எத்தனை மணிக்கு என்பதைப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் சொல்வார்கள், சில வாரம் ஆறே நாள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட்கூட இதைவிட முன்னால் கிடைக்கும். ஒரு வாரம் ஒரு சேனல், மறு வாரம் இன்னொரு ஆப். ஹாஃப் டைம் ஒரு பக்கம் போயிற்று, அஸர் ஒரு பக்கம் போயிற்று. கூரையில் ஆன்டெனா மட்டும் புறா உட்காருவதற்காக நின்றது.

வேலை கிடைத்து, பே ஏரியாவில் இருக்கும் ஃப்ரீமான்ட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஹஸ்னைன் தன் அக்கவுண்ட்டை அத்தாவின் டிவியில் போட்டுக்கொடுத்தான். “எந்த கேம் எதுல வருதுன்னு நீங்க தேடி டென்ஷன் ஆகவேணாம் அத்தா. நான் லிஸ்ட்ல ஆட் பண்ணிடறேன். நீங்க ஓகே பட்டன் மட்டும் அமுக்குங்க.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் அங்கே பார்ப்பான், இவர் இங்கே பார்ப்பார், நடுவில் போன் ஸ்பீக்கரில் இருக்கும். இரண்டு வீட்டிலும் “இன்னொரு தவணை” கேட்கும்.

அப்புறம் ருக்ஸானா விஷயம் வந்தது. ருக்ஸானா, நியூ ஜெர்ஸி மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் ஹாஜாவின் முப்பது வருஷ நண்பரின் மகள். ஹாஜாவே பேசி முடித்த சம்பந்தம். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அந்தப் பெண்ணும் ஹஸ்னைனும் ஒத்துவரவில்லை என்று பிரிந்துவிட்டார்கள். இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. ஆனால் நண்பர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் ஹாஜாவுக்குப் பெரிதாகப் பட்டது. போனில் மகனிடம் அவர் சொன்னது இது: “இனிமே இது உன் வீடு இல்ல. நீயா கூப்பிடாத, நானும் கூப்பிடமாட்டேன்.”

சொன்னதைச் செய்கிற ஆள் ஹாஜா. அது நல்ல குணம் என்று அவர் நினைத்திருந்தார். ஒரு வருஷம் கழித்து ருக்ஸானா வேறு கல்யாணம் செய்துகொண்டாள். அந்த நண்பரே ஹஸ்னைனுக்கும் பத்திரிகை அனுப்பி, “அவனுக்கும் நல்லது நடக்கட்டும்” என்று துஆ செய்தார். ஹாஜா மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. ஹஸ்னைனின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது. மகள் ஆஸிபா பக்கத்தில் ஃபிரிஸ்கோவில்தான் இருந்தாள். அவள்கூட அண்ணனைப் பற்றிப் பேச வாயெடுத்தால் இவர் எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

ஆனால் அந்த அக்கவுண்ட்டிலிருந்து மட்டும் அவர் வெளியேறவில்லை, அவனும் வெளியேற்றவில்லை. பேச்சு நின்ற அடுத்த வியாழக்கிழமையும் பட்டியலில் ஆட்டம் இருந்தது. ஹாஜா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, மெஹர் நிஷா வருவதற்குள் துடைத்துக்கொண்டார்.

அந்த ஆப்பில் ஒரு வசதி உண்டு. நாம் எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறோமோ அவ்வளவு தூரம் படத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு ஓடும். ஒரே அக்கவுண்ட் என்பதால் அந்தக் கோடு அங்கேயும் தெரியும் என்று ஹாஜா கணக்குப் போட்டார். அதனால் எந்த ஆட்டத்தையும் அவர் பாதியில் விட்டதில்லை. முப்பது பாயின்ட் பின்தங்கி, ஸ்டேடியத்தில் இருந்தவனே எழுந்து வீட்டுக்குப் போன ஆட்டத்தையும் கடைசி நொடிவரை பார்ப்பார். கோடு முழுசாக நிறைய வேண்டும். மெஹர் நிஷா கேட்பாள், “தோத்துப்போன மேட்ச உட்காந்து பாக்கறீங்களே, என்ன இருக்கு அதுல?” ஹாஜா கோட்டைப் பார்ப்பார். அந்தக் கோடு ஒரு ஸலாம். நான் இருக்கிறேன், நீ சேர்த்து வைத்ததைப் பார்த்தேன் என்று சொல்வதற்கு அவரிடம் வேறு வழி இல்லை.

இந்த செப்டம்பரில் மூன்றாவது சனிக்கிழமை. காலை பத்தரைக்கே தேநீரோடு வந்து உட்கார்ந்தார். பதினொரு மணி ஆட்டம். மணி ஆனதும் ஓகே பட்டனை அமுக்கினார். திரை கறுப்பாகி, நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு சேதி வந்தது. இந்த டிவி இந்த அக்கவுண்ட்டின் வீட்டைச் சேர்ந்தது அல்ல. அதற்குக் கீழே ஒரு பொத்தான்: அக்கவுண்ட் உரிமையாளருக்குக் கோட் அனுப்பவும்.

புது சீசனுக்குப் புது ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். உரிமைக்குக் கூடக் காசு கொடுத்த கம்பெனி, ஒரு அக்கவுண்ட்டை ஒரு வீட்டுக்குமேல் பார்க்கவிடக் கூடாது என்று கெடுபிடி செய்தது. அந்த வாரம் அமெரிக்கா முழுக்க எத்தனையோ அத்தாக்களின் டிவியில் இதே சேதி வந்திருக்கும். ஹாஜா டேட்டாபேஸ் வேலையில் இருபத்தாறு வருஷம் இருப்பவர். மெஷின் தானாக எழுதும் சேதிகளைப் படித்தே தலை நரைத்தவர். அப்படிப்பட்ட மனுஷன் இந்த ஒன்றை மட்டும் மகன் எழுதியதாகப் படித்தார்.

“இந்த வீடு உன் வீடு இல்லன்னு நான் சொன்னேன்ல,” என்றார் மெஹர் நிஷாவிடம். “இப்ப அவன் சொல்லிட்டான்.”

மெஹர் நிஷா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையின் பக்கத்தில் போய்ப் படித்தாள். “இது கம்பெனிக்காரன் போட்டதுங்க. அந்தப் பட்டனை அமுக்கினா அவனுக்கு மெசேஜ் போகும். அவன் கோட் அனுப்புவான். அமுக்குங்க.”

“அவன் கிட்ட போய் நான் கோட் கேக்கணுமா?”

“கேட்டா என்ன? பெத்த பையன்தானே.”

“வேணாம்.”

ரிமோட் அவர் கையில்தான் இருந்தது. கட்டைவிரல் ஓகே பட்டன்மேல்தான் இருந்தது. அமுக்கியிருந்தால் ஒரு நொடி வேலை. ஹாஜா அந்த ஆப்பிலிருந்து வெளியே வந்து, தன் பெயரில், தன் கார்டைப் போட்டு, புதுசாக ஒரு அக்கவுண்ட் திறந்தார். அந்த ரோஷத்தில் முதல் குவார்ட்டர் முழுக்கப் போயிற்று.

அதற்கப்புறம் ஆட்டத்தை அவரே தேட வேண்டியிருந்தது. பூதக்கண்ணாடிப் படத்தை அமுக்கி, டீமின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்து, எது நேரலை, எது பழசு என்று பார்த்துப் பழகினார். ஒரு வாரம் ஆட்டம் வேறொரு ஆப்புக்குப் போய்விட்டது தெரியாமல், போன வருஷத்து ஆட்டத்தை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு வாரம் மதியம் என்று நினைத்துக் காத்திருந்தார், காலையிலேயே முடிந்துவிட்டிருந்தது. பிறகு தேறிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு தேடி எடுக்கும் அளவுக்கு ஆயிற்று. ஆனால் பார்க்கும்போது மனது ஒட்டவில்லை. அவர் கோடு நிறைந்தாலும் பார்க்க ஆள் இல்லை. இரண்டாவது குவார்ட்டரிலேயே அணைத்துவிட்டு எழுந்துபோக ஆரம்பித்தார்.

மெஹர் நிஷா இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். “ஒரு போன் போடுங்க. என்னதான் நடந்துச்சுன்னு கேளுங்க.” ஹாஜா சொல்வார், “அவனுக்கு வேணும்னா அவன் கூப்பிடட்டும்.” கூப்பிடாதே என்று சொன்னது தான்தான் என்பது அவருக்கு மறந்துபோகவில்லை. மறந்த மாதிரி நடந்துகொண்டார்.

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை மதியம் ஆஸிபா ஃபிரிஸ்கோவிலிருந்து தனியாக வந்தாள். பிரியாணி டப்பாவைச் சமையலறை மேடையில் வைத்தாள். வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொள்கிறவள், அன்றைக்கு ஹாலில் அத்தாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஹாஜா டிவியைப் போட்டு அப்போதுதான் ஆட்டத்தைக் கண்டுபிடித்திருந்தார். சீசனின் கடைசி ஆட்டம். திரையில் பாண்டு வாத்தியக்காரர்கள் வரிசையாக மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள்.

“அத்தா, மாடிக்குப் போகாம கேளுங்க, ப்ளீஸ்,” என்றாள். “ஹஸ்னைனுக்கு நிக்காஹ் முடிஞ்சிடுச்சு. போன சனிக்கிழமை. ஃப்ரீமான்ட் மஸ்ஜித்ல.”

மெஹர் நிஷா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் கரண்டி இருந்தது.

“யாரு பொண்ணு?” என்று கேட்டது அவள்தான்.

“நர்ஸ்மா. ஹைதராபாத் ஃபேமிலி. ரொம்ப நல்ல மாதிரி. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான் போனோம் நம்ம சைடுல. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்.”

ஹாஜா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லது,” என்றார். “அத்தா வேணாம்னு அவன் செப்டம்பர்லயே முடிவு பண்ணிட்டான். டிவிலயே போட்டுட்டான்.”

“என்ன போட்டான்?”

ஹாஜா சொன்னார். அந்த வெள்ளை எழுத்துச் சேதியை அவர் வார்த்தை பிசகாமல் மனப்பாடமாகச் சொன்னார். ஆஸிபா கேட்டுக்கொண்டே வந்தவள், பாதியில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“ஹி டிட்ன்ட் டூ தட், அத்தா. கம்பெனி பண்ணது. எங்க மாமியார் வீட்டு டிவிலயும் வந்துச்சு. எல்லாருக்கும் வந்துச்சு.” முகத்திலிருந்து கையை எடுத்தாள். “அவன் ஃபுட்பால் பாக்கறத விட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. டீம் பக்கத்து ஊர்க்காரங்கள விட்டுட்டு வேற கான்ஃபரன்ஸுக்கு மாறினதுலயே வெறுத்துட்டான். ஆனா ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆபீஸ்ல உட்காந்து, இந்த வாரம் எந்தச் சேனல், எத்தனை மணின்னு தேடி, லிஸ்ட்ல ஆட் பண்ணுவான். உங்களுக்குத்தான். அந்த சப்ஸ்கிரிப்ஷனே உங்களுக்காகத்தான் வச்சிருந்தான். ஞாயித்துக்கிழமை காலைல ஓபன் பண்ணி அந்த ரெட் லைன பாப்பான். ஃபுல்லா இருந்தா எனக்கு டெக்ஸ்ட் பண்ணுவான், ‘அத்தா இஸ் ஓகே’ன்னு.”

ஹாஜா டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்தார்.

“அக்டோபர்ல இங்க வர டிக்கெட் போட்டிருந்தான் அத்தா. நேர்ல வந்து உங்க கால்ல விழுந்தாவது இந்த நிக்காஹுக்கு சம்மதம் கேக்கணும்னு. செப்டம்பர்லேருந்து அந்த ரெட் லைன் வரல. மூணு வாரம் பாத்தான். நாலாவது வாரம் எனக்கு போன் பண்ணி, அத்தாவுக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டான். நான்...” ஆஸிபா நிறுத்தினாள். “நான் தெரியாம சொல்லிட்டேன். ஹி இஸ் ஃபைன், சொந்தமா ஒரு அக்கவுண்ட் வாங்கிட்டார், அதுல பாக்கறார்னு. அப்புறம் ‘ஓகே, அப்ப முடிஞ்சுது’ன்னு வச்சிட்டான். டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டான்.”

மெஹர் நிஷா கரண்டியோடு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஹாஜாவைப் பார்த்து அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஹாஜா ரிமோட்டை எடுத்தார். தன் அக்கவுண்ட்டிலிருந்து வெளியே வந்து, மூலையில் கிடந்த பழைய அக்கவுண்ட்டைத் திறந்தார். அந்தப் பொத்தான் இருந்தால் இப்போது அமுக்கிவிடலாம். ஆனால் அந்தச் சேதியும் இல்லை, பொத்தானும் இல்லை. இந்த அக்கவுண்ட் இப்போது செயலில் இல்லை என்று ஒரே வரிதான் இருந்தது. மகன் கல்யாணத்தில் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியவர், இரண்டாவது குவார்ட்டரில் டிவியை அணைத்துவிட்டு எழுந்துபோன நாளாக அது இருந்திருக்கிறது. என்ன அழுதாலும் அந்தச் சனிக்கிழமையை மறுபடி போட்டுப் பார்க்க எந்த ஆப்பும் இல்லை.

“போன குடு,” என்றார் ஆஸிபாவிடம். உடனே, “இல்ல, என் போன்லேருந்தே பண்றேன்,” என்றார்.

மகனின் நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது மணி அடித்ததும் எடுத்தான்.

“அஸ்ஸலாமு அலைக்கும்,” என்றார் ஹாஜா.

“வ அலைக்குமுஸ்ஸலாம். அத்தா?”

மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். நான் அந்தப் பொத்தானை அமுக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முபாரக் சொல்ல வேண்டும். மூன்றும் முண்டியடித்துக்கொண்டு தொண்டை வரை வந்தன. மெஹர் நிஷாவும் ஆஸிபாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தபோது ஹாஜாவுக்கு வந்தது இதுதான்.

“இன்னிக்கு கேம் எந்தச் சேனல்ல வருது?”

சொல்லி முடித்ததும் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

“தெரியல அத்தா,” என்றான் ஹஸ்னைன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. “நான் பாக்கறதில்ல. தேடறதையும் விட்டுட்டேன்.”

அவனுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் மெதுவாக யார் என்று கேட்டது. ஹாஜா அதுவரை கேட்டிராத குரல், அவர் மருமகளின் குரல். ஹஸ்னைன் போனைக் கொஞ்சம் விலக்கிச் சொன்னது இவருக்கும் கேட்டது.

“இட்ஸ் மை டாட். சம்திங் அபவுட் த டிவி.”

ஹாஜா கண்ணை மூடிக்கொண்டார். டிவி இல்லைப்பா என்று சொல்ல நினைத்தார்.

ஹஸ்னைன் மறுபடி லைனுக்கு வந்தான். “அத்தா, இருக்கீங்களா? ஒண்ணுமில்ல, ஈஸிதான். ரிமோட்ட எடுத்துக்கோங்க. ஸ்க்ரீன்ல மேல இடது பக்கம் ஒரு பூதக்கண்ணாடி மாதிரி இருக்கும். தெரியுதா?”

ஹாஜாவுக்குத் தெரிந்தது. இரண்டு மாதமாகக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிற பூதக்கண்ணாடி. ஆட்டம் எந்தச் சேனலில் ஓடுகிறது என்றும் தெரியும், இந்நேரம் கிக் ஆஃப் ஆகியிருக்கும் என்றும் தெரியும். ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“தெரியலப்பா,” என்றார். “மொதல்லேருந்து சொல்லு.”